பெயருக்கு நேரே மூன்று நாள்

விசுவமடு
26.02.2024

அன்பு மருமகள் சுதாஜினிக்கு,

உன் மாமன் ஐயாத்துரை எழுதிக்கொள்வது. நான் நலம். உன் மாமியும் நலம், முழங்காலைத் தவிர. நீயும் வவுனியாவில் அவ்வாறே இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

உனக்கு நான் எடுத்த போன்கள் இருநூறு இருக்கும். மாமி பன்னிரண்டு என்கிறாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் "கதைக்க வேணுமெண்டா கடிதம் எழுதுங்கோ" என்று ஒரு வரி அனுப்பினாய். சரி. எழுத்தில் என்னை வெல்ல இந்தப் பகுதியில் ஆள் இல்லை. எட்டாம் வகுப்பில் என் கட்டுரையைப் பார்த்துக் கல்வி அதிகாரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. போய்ப் படிக்க மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் நீ வந்து இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் பேசாமல் வீட்டுக் கொம்பியூட்டரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தாய். போகும்போது "புதுசாப் போட்டிருக்கு, பழசெல்லாம் பத்திரமா இருக்கு" என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போனாய். மாரி முழுக்க இடியும் மின்னலும், நான் தொடவில்லை. நேற்றுப் போட்டேன். முன்பு வந்த யன்னல் படம் இல்லை. பச்சையாக ஒரு சின்னம் வந்தது. நான் பயப்படுகிற ஆளா? வாய்க்கால் துப்புரவுப் பட்டியலைத் திறந்தேன்.

ஐயோ பிள்ளை! ஐம்பத்தெட்டுக் குடும்பத்தின் பெயரும் போய்விட்டது. இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். ஆங்கில வாத்தியாரைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "இது லத்தீனா இருக்கலாம் ஐயாத்துரை" என்றார்.

பட்டியலின் பெறுமதி உனக்குத் தெரியும், போன வருசம் லீவில் இங்கே நின்று நீதானே எழுதினாய். குளத்தில் இந்த முறை பாதித் தண்ணீர்தான். போன வருசம் வாய்க்கால் துப்புரவுக்கு யார் கூடிய நாள் வந்தார்களோ அவர்களுக்குத்தான் வெயில்காலச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் முதலில். அதுதான் எங்கள் கமக்காரர் அமைப்பின் வழமை. மார்ச் 24 ஞாயிறு கூட்டம். பட்டியல் இல்லாவிட்டால் வாய்க்கால் தலைப்பிலிருந்து வரிசையாக விட வேண்டும், கடைவயல்காரருக்குச் சொட்டும் போகாது. நீ கையால் எழுதிய பழைய கொப்பியைப் பார்ப்போம் என்றால், அதைத்தான் போன பொதுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் கிழித்துக் காட்டினேனே. "இனிக் கொப்பி இல்லை, கொம்பியூட்டர்தான்!" கைதட்டல் பக்கத்து ஊர் தருமபுரம் வரை கேட்டது.

சந்தியில் இருக்கும் கொம்பியூட்டர் கடைக்காரன் சொல்கிறான், "உது லினக்ஸ் அண்ணை. முழுக்க அழிச்சுப்போட்டு விண்டோஸ் போட்டுத் தாறன்" என்று. நீ என்ன செய்தாய் என்று உடனே எழுது. உன் கோபம் என்னோடு. பட்டியலோடு உனக்கு என்ன கோபம்?

இப்படிக்கு,
ஐயாத்துரை
செயலாளர், கமக்காரர் அமைப்பு

*

வவுனியா
01.03.2024

மாமாவுக்கு,

மாமிக்கு நான் கொடுத்துவிட்ட எண்ணெயை முழங்காலுக்குப் பூசச் சொல்லுங்கள். அதை நீங்கள் உங்கள் தோளுக்குப் பூசுவதாகக் கேள்விப்பட்டேன்.

ஏன் கடிதம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போனில் நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்லி முடித்துவிடுவீர்கள். தாளில் என் முறை வரும்வரை நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஏழு வயதில் உங்கள் வீட்டுக்கு வந்தவள் நான். அம்மாவும் அப்பாவும் இல்லை என்று யாரும் என்னைப் பார்த்து இரங்க நீங்கள் விட்டதில்லை. அது உண்மை. அதனால்தான் இது இவ்வளவு நோகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் கொழும்புக் கொம்பனியின் எஞ்சினியர், வவுனியாவிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று சொன்னீர்களே, அவர்கள் ஒரு நாள் சொல்லாமல் வந்தார்கள் மாமா. நான் ஒரு தனியார் கணினி வகுப்பில் உதவியாளர். அந்த நேரம் துணியை நனைத்துக் கீபோட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெடியனின் தாய் என்னிடமே கேட்டா, "தங்கச்சி, எஞ்சினியர் சுதாஜினி எந்த அறை?" என்று. பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் என்று சொன்னேன். திரும்பிப் போனா. நான் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு போனா. அந்தச் சம்பந்தம் போனது போகட்டும். அந்தப் பெயரை உதற எனக்கு எத்தனை நாள் எடுத்தது தெரியுமா?

இனிக் கணினி. அதில் இருந்தது கள்ள விண்டோஸ். நீங்கள் ஊருக்கெல்லாம் "கனடா ஒறிஜினல்" என்று சொன்னது. அது வைரஸ் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் போட்டது லினக்ஸ் மின்ட். களவில்லை, விலையும் இல்லை. உலகம் முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து எழுதுகிறார்கள். உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம். உங்கள் பழைய கணினியும் அதில் ஓடும்.

பட்டியல் அழியவில்லை. அதை நான் பாமினி எழுத்துருவில் அடித்தேன், இங்கே எல்லா இடத்திலும் அடிப்பது போல. அந்த முறையில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தான், அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. புதிதாகப் போட்டபோது அந்த எழுத்துருவைச் சேர்க்க மறந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் இருந்த கோபத்தில் நடந்த பிழை. என் பிழை அவ்வளவுதான்.

எழுத்துருவைப் பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். அதுவரை அந்தப் பட்டியலில் எதையும் திருத்த வேண்டாம். கடைக்காரனிடம் கொடுக்கவே வேண்டாம். அவன் அழித்தால் அதுதான் உண்மையான அழிவு.

சுதாஜினி

*

விசுவமடு
05.03.2024

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். எஞ்சினியர் பகுதியில் தொண்டை கரகரத்தது, தூசி. அதனால் அந்தப் பகுதியை வாசிக்கவில்லை. பிறகு அவள் தானே எடுத்து வாசித்தாள். அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை.

லினக்ஸ் விசயம் எனக்கு முதலே தெரியும், உன்னைச் சோதிக்கத்தான் கேட்டேன். பத்தாயிரம் பேர் என்று நீ எழுதினாய். சந்தித் தேத்தண்ணிக் கடையில் நான் ஐம்பதாயிரம் என்று சொன்னேன், பத்தாயிரத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இலவசமாய் ஏன் செய்யினம்?" என்று ஒருவன் கேட்டான். "நாங்கள் வாய்க்கால் துப்புரவு செய்யிற மாதிரித்தான்ரா. ஒருத்தன் வெட்டினா எல்லாற்ற வயலுக்கும் பாயும்" என்றேன். இது மட்டும் நான் சொந்தமாகச் சொன்னது. உனக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன்.

ஒரு சின்ன விசயம். உன் கடிதம் வருவதற்கு முதல் நிர்வாகக் கூட்டம் வந்துவிட்டது. தலைவர் குகதாசன் எல்லார் முன்னாலும் "செயலாளர், பட்டியல் எங்க?" என்று கேட்டான். கொப்பியைக் கிழித்தவன் நான். என்ன சொல்வது? ஏதோ ஒன்று சொல்லிச் சமாளித்தேன். அதை விடு. இப்போது அவர்கள் சனிக்கிழமை, சிவராத்திரி கழிந்த மறுநாள், கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோவதாகத் தீர்மானித்துவிட்டார்கள். நீ எழுதியதைச் சொல்லி நிறுத்தலாம்தான். ஆனால் அப்படியென்றால் நான் முன்னே சொன்னதுக்கு என்ன செய்வது?

ஜெகதீஸ்வரி வந்து கேட்டுவிட்டுப் போனா. கடைவயல்காரிதானே. "நான் பதினாலு நாள் வந்தனான் அண்ணை, பிள்ளை மருதமர நிழலில இருந்து எழுதினது" என்றா. ஓம் ஓம் என்றேன். நானும் பதினொரு நாள் வந்தவன் என்று சொன்னேன். அவா சிரித்துக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனா.

அன்புடன்,
மாமா

*

வவுனியா
07.03.2024, பின்னேரம்

மாமா,

மூன்று தரம் போன் எடுத்தேன். ஓம், நானே என் சொல்லை மீறி எடுத்தேன். நிற்பாட்டி வைத்திருக்கிறீர்கள். ஆகையால் இதைப் பரந்தன் வழியால் போகும் பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். விசுவமடுச் சந்தியில் இறக்குவார். உள்ளே பென் டிரைவ் இருக்கிறது.

நீங்கள் சமாளித்தது என்னவென்று என்னோடு படித்த ராஜினி சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா நிர்வாகத்தில் இருப்பதை மறந்துவிட்டீர்கள். "மருமேள் கலியாணம் குழம்பின கோவத்தில பட்டியலை அழிச்சுப்போட்டுப் போட்டாள்." இதுதானே சொன்னீர்கள்? ஐம்பத்தெட்டுக் குடும்பத்தின் தண்ணீரை நான் அழித்தேனா மாமா? முதலில் என்னை எஞ்சினியர் ஆக்கினீர்கள், இப்போது கள்ளி ஆக்கியிருக்கிறீர்கள். நான் எப்போது வெறும் சுதாஜினியாக அந்த ஊருக்குள் வருவது?

அழுதுகொண்டு எழுதவில்லை. கையில் வேலை இருக்கிறது. கவனமாக வாசியுங்கள்.

பென் டிரைவைச் செருகுங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதற்குள் பாமினி என்று ஒரே ஒரு கோப்பு இருக்கிறது. அதை இரண்டு தரம் அழுத்துங்கள். எழுத்துகள் தெரியும் ஒரு யன்னல் வரும். அதில் மேலே ஒரு பொத்தான் இருக்கும், அதை ஒரு தரம் அழுத்துங்கள். ஒரு தரம்தான். பிறகு பட்டியலை மூடித் திரும்பத் திறவுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். "பாதுகாக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தப் பட்டியலை ஒவ்வொரு நாளும் எழுதியவள் நான். திறந்ததும் உங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

சுதாஜினி

*

விசுவமடு
12.03.2024

என் அருமை மருமகளுக்கு,

வந்துவிட்டது! எல்லாப் பெயரும் வந்துவிட்டது!

சனி விடிய நடந்ததைக் கேள். குகதாசன் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வாசலில் நிற்கிறான். பெட்டியை ஏற்ற இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். நான் கதவை மறித்து, "என்ர பிணத்துக்கு மேலாலதான்" என்றேன். சரி, அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. "பொறுங்கோ, ஒரு தேத்தண்ணி குடியுங்கோ" என்றேன். அவர்கள் குசினிப் பக்கம் இருந்து குடிக்கும்போது நான் செருகினேன். நீ சொன்ன பொத்தானை ஒரு தரம் அழுத்தினேன். நம்பிக்கையில்லாமல் இன்னும் நாலு தரம் அழுத்தினேன். ஒன்றும் வெடிக்கவில்லை. பட்டியலை மூடித் திறந்தேன். முதல் வரியில் ஆனா ஆவன்னாவாகத் தமிழ் நிற்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது தூசி இல்லை.

பிறகு கீழே இறக்கிப் பார்த்தேன்.

ஐயாத்துரை: மூன்று நாள்.

பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், நான் பதினொன்று என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லி அது எனக்கே பதினொன்றாகிவிட்டது. மூன்றாம் நாள் இடுப்புப் பிடித்தது. பிறகு வரம்பில் நின்று மேற்பார்வை பார்த்தேன். அது வேலை இல்லையா? கத்திக் கத்தி என் தொண்டை போனது ஆருக்குத் தெரியும்?

குகதாசனிடம் "இன்னும் சரிவரேல்லை, ஒரு கிழமை தாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி நான் கேட்பதைக் கோபிக்காமல் வாசி. இந்தப் பட்டியல் தெரிந்தால் ஜெகதீஸ்வரி முதலாவது. நான் ஐம்பதுக்குக் கிட்ட. என் வயல் தலைப்பில் இருக்கிறது, தண்ணீர் என் கண்ணுக்கு முன்னால் போகும், எனக்கு வராது. நெல்லை விடு. பதினொரு நாள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீதானே எழுதினாய், இந்த லினக்ஸில் யாரும் எதையும் திறந்து திருத்தலாம் என்று. அப்படியென்றால் ஒரு வரியைத் திருத்தினால் என்ன? மூன்று இருக்கிற இடத்தில் பதினொன்று, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பாமினி அடிக்கத் தெரியாது. நீ வந்து செய்துதா. மற்றவர்களுடையதைத் தொட வேண்டாம்.

உனக்காகக் கோழி ஒன்று வளர்க்கிறேன். ஆட்டுக்குட்டி அளவில் நிற்கிறது.

மாமா

*

வவுனியா
16.03.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். மூன்று தரம் கோபம் வந்தது. நாலாம் தரம், "சொல்லிச் சொல்லி எனக்கே பதினொன்றாகிவிட்டது" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்து நீங்கள் எழுதிய முதல் நேர்மையான வரி அது.

நான் திருத்த மாட்டேன்.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு மறுமொழி சொல்ல வேண்டும். ஓம், அங்கே யாரும் எதையும் திறந்து திருத்தலாம். நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. திருத்துகிறவன் தான் திருத்தியதற்குக் கீழே தன் பெயரைப் போட வேண்டும். எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், என்றைக்கு மாற்றினேன் என்று. அது எல்லாருக்கும் தெரியும்படி அப்படியே இருக்கும். பெயர் போடாமல் திருத்தினால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முகம் தெரியாத அத்தனை பேர் ஒருவரை ஒருவர் நம்புவது அதனால்தான்.

நீங்களும் அப்படித் திருத்துங்கள். மூன்றைப் பதினொன்றாக்குங்கள். கீழே "மேற்பார்வை பார்த்ததற்காக எட்டு நாள் சேர்த்தேன், ஐயாத்துரை" என்று எழுதுங்கள். கூட்டத்தில் வாசியுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஜெகதீஸ்வரி அக்கா ஏழாம் நாள் காய்ச்சலோடு வந்தா. "வீட்டை போங்கோ அக்கா, நான் அடையாளம் போட்டுவிடுறன்" என்று சொன்னேன். "வேண்டாம் பிள்ளை, வெட்டினாப் பிறகு போடு" என்று சொல்லி, வெட்டி முடித்துவிட்டுத்தான் போனா. அந்த ஒரு அடையாளத்தையாவது நான் காப்பாற்ற வேண்டும்.

உங்களுக்குப் பாமினி வேண்டாம். அந்தக் கணினியில் நேரே தமிழில் அடிக்க வசதி போட்டிருக்கிறேன். கீழே வலப்பக்கம் ஒரு சின்னக் கொடி தெரியும், அதை அழுத்தினால் தமிழ். எந்த எழுத்து எங்கே என்று ஒரு தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல ஒன்றும் இல்லை. இதற்குப் பதில் வராவிட்டாலும் விளங்கிக்கொள்வேன்.

சுதாஜினி

*

விசுவமடு
06.04.2024

மருமகள் சுதாஜினிக்கு,

இதைக் கொம்பியூட்டரில் அடிக்கிறேன். ஒரு விரல். நீ வரைந்த தாள் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வரிக்குக் கால் மணித்தியாலம் போகிறது. இட்டுக்கட்ட நேரம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கூட்டம் நடந்தது. பட்டியலை வாசித்தேன். என் பெயர் வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். மூன்று நாள் என்று வாசித்தேன்.

யாரோ சிரித்தார்கள். ஜெகதீஸ்வரி சொன்னா: "மூண்டே கூடிப்போச்சு ஐயாத்துரையண்ணை. அதில ஒரு நாள் நீங்கள் மண்வெட்டி கடன் கேட்டு வந்தது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

பிறகு சொன்னேன். பட்டியலை என் மருமகள் அழிக்கவில்லை. நான் சொன்னது பொய். எழுத்துரு இல்லாமல் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவள் எஞ்சினியரும் இல்லை. கணினி வகுப்பில் உதவியாளர். அவள் அனுப்பியதால்தான் இது திறந்தது. இவ்வளவும் சொன்னேன். குகதாசன் "இதை யார் குறிப்பில எழுதிறது?" என்று கேட்டான். செயலாளர்தானே எழுத வேண்டும். எழுதினேன். கீழே பெயர் போட்டேன். திகதி போட்டேன்.

மேற்பார்வைக்கு எட்டு நாள் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது. மாமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் முறை ஐம்பத்தோராவது. தண்ணீர் வராது. குறைந்த தண்ணீரில் விளையும் உழுந்து போடப் போகிறேன். நல்ல உழுந்து. சாதாரண உழுந்து.

நேற்று வாய்க்கால் திறந்தது. முதல் தண்ணீர் ஜெகதீஸ்வரிக்கு. அவாவின் வயல் கடைசி. அவ்வளவு தூரமும் ஓட வேண்டும். என் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வயலுக்குத் தண்ணீர் நுழையும் வக்கடையால் ஒரு சொட்டும் உள்ளே வராதபடி நான் மண் வெட்டிப் போட்டு அடைத்தேன். அவாவின் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை வரம்பில் நின்றேன். கத்தவில்லை.

நம்பாவிட்டால் வந்து பார்.

மாமா